பிள்ளைக்குக் காய்ச்சல்: பார்க்க வரும் அக்காவிடம் விட்டுப் போகலாமா?

குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையைப் பார்க்க ஆள் தேடும்போது கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை மணிக்கு வருவார், எவ்வளவு சம்பளம் கேட்கிறார், சுத்தமாக இருப்பாரா, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரா. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நல்ல நாளில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்ற கூச்சம்.

அந்த நாள் வெகு சீக்கிரம் வந்துவிடும். மகப்பேறு விடுப்பு தனியார் நிறுவனங்களில் 26 வாரம், தமிழக அரசுப் பணியில் 12 மாதம். கருவிலேயே தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது. அம்மா வேலைக்குத் திரும்பும் பருவமும் பிள்ளைக்குச் சளி பிடிக்கத் தொடங்கும் பருவமும் இப்படித்தான் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பு என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். அரசு ஊழியருக்குத் தற்செயல் விடுப்போ ஆண்டுக்கு 12 நாள். கணக்கு எங்கே இடிக்கும் என்று இப்போதே தெரிகிறது.

முதன்முறையாக ஆள் வைக்கும் வீட்டாருக்காகவே இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் அக்காமார் படித்தாலும் நல்லது; அவர்கள் எங்கே மறுத்துப் பேசலாம் என்பதும் இதில் இருக்கிறது.

நோயுற்ற பிள்ளையைப் பார்க்க வரும் அக்கா பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஆனால் காய்ச்சலின் முதல் நாள் பெற்றோருடையது. மருத்துவர் பார்த்து, இன்ன நோய், இன்ன மருந்து என்று தெரிந்த பிறகு வரும் நாட்களை அவரிடம் ஒப்படைக்கலாம். அதுவும் அவர் முன்பே சம்மதித்திருந்தால், உண்மை நிலையை அவரிடம் சொன்னால், அந்த நாளின் கூடுதல் உழைப்புக்குக் கூலி கொடுத்தால். ஆண்டுக்கு எட்டு முறை காய்ச்சல் வந்தாலும் எட்டு முதல் நாட்கள்தான். அப்பாவுக்கும் தற்செயல் விடுப்பு உண்டு என்பதை நினைவில் வைத்தால் ஆளுக்கு நான்கு. அப்பா வளைகுடாவிலோ கடலிலோ இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அங்கே இந்தப் பாதி ஆச்சிக்கோ சித்திக்கோ போகும். யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்க்கும் அன்றே பேச வேண்டியது

முதலில் அவருடைய உடம்பைப் பற்றிக் கேளுங்கள். விசாரணை போல வேண்டாம், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். சின்னம்மை வந்திருக்கிறதா? ஆஸ்துமா, சர்க்கரை உண்டா? அவர் வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பமாக இருக்கும் மகளோ, படுக்கையில் கிடக்கும் பெரியவரோ உண்டா? உங்கள் பிள்ளையின் சளி மாலையில் அவரோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்கும் போகிறது. அவர் காய்ச்சலில் விழுந்தால் உங்களுக்கு ஆள் இல்லாத சங்கடம் மட்டும்தான். அவருக்குக் கூலி போகும், மருந்துச் செலவு வரும், வீட்டுச் சமையல் நிற்கும்.

அடுத்தது, மருந்துப் பாட்டிலைப் படிக்க முடியுமா என்பது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு படிப்பறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் நம்முடையது. ஆனால் சிரப் பாட்டிலில் இருப்பது பொடி ஆங்கில எழுத்து. ஐம்பது வயதுக் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் அது வெறும் கோடு. ‘படிக்கத் தெரியுமா’ என்று கேட்டால் புண்படுவார். ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, ‘அக்கா, இதில் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, பாருங்கள்’ என்றால் போதும். சிரமப்பட்டால் பிழையில்லை. பாட்டிலில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, தமிழில் பெரிதாக நீங்களே எழுதிவிடுங்கள்.

ஏஜென்சி மூலம் வருபவரை ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லி அனுப்புவது குமரியிலும் கேரளத்திலும் வழக்கம். அவர்களில் செவிலியர் படிப்பு முடித்தவர்களும் உண்டு, சில நாள் பயிற்சியோடு வந்தவர்களும் உண்டு. சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையை அன்பாகப் பார்ப்பதற்கு அந்தத் தாள் தேவையில்லை. மருந்தைப் பற்றி முடிவு எடுக்கும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைக்காதீர்கள்.

பிறகு சம்பளம். பேச்சு இங்கேதான் தடுமாறும், ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுங்கள். இரண்டு விஷயங்கள் முடிவாக வேண்டும். நோயுற்ற பிள்ளையைப் பார்க்கும் நாளுக்கு எவ்வளவு கூடுதல்? நீங்களே லீவு போட்டு வீட்டில் இருந்து, அவரை வர வேண்டாம் என்று சொன்ன நாளுக்குக் கூலி உண்டா? இரண்டாவதற்கு என் பதில் தெளிவானது: உண்டு. வேண்டாம் என்று சொன்னது நீங்கள். அவர் அந்த நாளை வேறு வீட்டுக்குக் கொடுத்திருக்க முடியாது. கூடுதல் தொகை எவ்வளவு என்பது உங்கள் இருவரின் பேச்சு. ஆனால் காய்ச்சல் பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது, துணி மூன்று மடங்கு, மதியம் அரை மணி நேரம் கண்ணயர வழி கிடையாது. ஒருநாள் முழுக்க அப்படி வைத்திருந்து பார்த்தவர்கள் தொகையில் பேரம் பேச மாட்டார்கள்.

அவர் தம் வீட்டில் வைத்து நான்கைந்து பிள்ளைகளைப் பார்ப்பவர் என்றால் கதை வேறு. அங்கே நோயுற்ற பிள்ளையைக் கொண்டு விடவே கூடாது. அவர் ஒத்துக்கொண்டாலும் மற்ற நான்கு வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லையே.

மருந்துப் பெட்டி

ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூடி இறுக்கமாக, பிள்ளையின் கை எட்டாத அலமாரியில். உள்ளே டிஜிட்டல் தெர்மாமீட்டர், மருத்துவர் எழுதிக் கொடுத்த பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பாக்கெட், மில்லி குறியிட்ட சிரிஞ்சு அல்லது அளவுக் கோப்பை, தடுப்பூசி அட்டை. இவ்வளவு போதும். போன வருடத்து ஆன்டிபயாட்டிக் மிச்சம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட சிரப், பெரியவர்களின் ஆஸ்பிரின் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது.

பாரசிட்டமாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். குழப்பம் வருவது பாட்டிலில். கடையில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் கிடைக்கிறது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருப்பதும் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். பத்து கிலோ பிள்ளைக்கு 125 சிரப்பில் 5 மில்லி என்றால் சரியான அளவு. அதே 5 மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ‘காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி கொடுங்கள்’ என்று போனில் சொல்வது ஏன் ஆபத்து என்று இதிலிருந்து புரியும். வீட்டில் ஒரே ஒரு வகைப் பாட்டில்தான் இருக்க வேண்டும். அதன்மேல் பிள்ளையின் பெயர், எடை, எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி. எடை கூடும்போது மருத்துவரைக் கேட்டு எழுத்தை மாற்ற வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளக்கக் கூடாது; வீட்டுக்கு வீடு கரண்டி வேறு.

இருமல் மருந்து பெட்டியில் இருக்கவே வேண்டாம். 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தபோது, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை நினைவூட்டியது. அந்த மருந்து தயாரானது நம் மாநிலத்தில்தான். மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர், சர்ச்சில் பக்கத்து வரிசையில் உட்காருபவர் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் தங்கள் பெட்டியில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த அந்தப் பானங்கள் வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். உண்மையான ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட்டாக வருவது. பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் முழுவதையும் கலக்க வேண்டும். பாதித் தூளைப் பாதித் தண்ணீரில் கலக்கும் வித்தை வேண்டாம், அளவு தவறும். இருபத்து நான்கு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கை வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் குமரி மாவட்டத்தில் எந்த மருந்துப் பெட்டியும் நிறைவடையாது. வரும் அக்காவுக்கு ஒரு முறை தெரியும், ஆச்சிக்கு வேறு முறை தெரியும், ஆச்சி போனிலேயே நடத்தி வைப்பார். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து, கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். ஆவி பிடிக்க வைத்துக் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட பிள்ளைகள் மருத்துவமனைகளுக்கு வந்தபடிதான் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் மட்டும் தடுத்துவிட்டு, மற்றதில் பெரியவர்கள் மனம் கோணாமல் விட்டுக்கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சுக்கும் கருப்பட்டியும் போட்ட வெந்நீர் இரண்டு வாய் போனால் குடி முழுகிவிடாது. முக்கியமானது, ‘என்ன கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் அவர் மறைக்காமல் சொல்லும் நிலை. திட்டினால் மறைப்பார்.

காலையில் ஒப்படைக்கும்போது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நேற்று இரவிலிருந்து பிள்ளையின் உடம்பு சுடுகிறது, இப்போது காலை ஏழு மணி. எட்டரைக்குப் பஸ். பாரசிட்டமால் கொடுத்தால் எட்டு மணிக்குக் காய்ச்சல் இறங்கிவிடும், பிள்ளை சிரிக்கும். அக்கா வந்ததும், ‘கொஞ்சம் மூக்கு ஒழுகுகிறது, வேறொன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடலாம். செய்கிறவர்கள் நிறையப் பேர். பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும்போது அதுதான் முதல் காய்ச்சல் என்று அக்கா நினைப்பார். காலையில் மருந்து கொடுத்தது தெரியாமல் அவரும் ஒரு வேளை கொடுப்பார். மருந்துக் கணக்கு தவறுவது ஒருபுறம். ‘நேற்று இரவிலிருந்து’ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ‘இன்று மதியத்திலிருந்து’ என்றாகிவிடும். டெங்குவில் அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். நம்பாத ஒருவரிடம் பிள்ளையை விட்டுப் போவது எப்படி?

ஆகவே அவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள். ‘அக்கா, பிள்ளைக்கு நேற்று இரவு பத்து மணிக்கு 101 டிகிரி இருந்தது. டாக்டரிடம் காட்டியாயிற்று, சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றார். ஆறு மணிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். வர முடியுமா?’ கடைசிக் கேள்வி ஒப்புக்கு அல்ல. முடியாது என்று அவர் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மேசையில் வையுங்கள். நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, குடித்தது, சிறுநீர், மலம். காலையில் நீங்கள் எழுதுங்கள், பகலில் அவர் எழுதட்டும். எழுத வராதவர் குரல் பதிவு அனுப்பட்டும். மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டுதான் பேசும்.

புதன்கிழமையை மறக்க வேண்டாம். ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் தடுப்பூசி நாள் புதன். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்து ஊசிக்குப் பிறகும் ஒன்றரை வயது ஊசிக்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் காலில் வீக்கமும் வருவது வழக்கம். வியாழக்கிழமை யார் வீட்டில் இருப்பது என்பதைத் திங்கட்கிழமையே முடிவு செய்துவிடலாம். ஊசிக் காய்ச்சல் யாருக்கும் ஒட்டாது என்பதால் அக்கா பார்ப்பதில் தடையில்லை, தகவல் இருந்தால் போதும்.

பகலில் அவர் என்ன செய்ய வேண்டும்

தண்ணீர் முதலில். ஆறு மாதத்துக்கு உட்பட்டதென்றால் தாய்ப்பால்தான், அம்மா எடுத்து வைத்துப் போன பால். பெரிய பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர், ஆறிய வெந்நீர், இளநீர், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சாப்பிட மறுத்தால் திணிக்க வேண்டாம், ஒருநாள் பசி மந்தம் கெடுதல் இல்லை. சம்பா அரிசிக் கஞ்சியைக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுக் கொடுக்கலாம். பிள்ளைக்கு முதல் பழமாகக் கொடுத்துப் பழக்கும் மட்டி வாழைப்பழம், 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம், நோய் நேரத்திலும் இறங்கும். வயிற்றுப்போக்கு என்றால் ஒவ்வொரு முறை போன பின்பும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ்., கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு 14 நாள் துத்தநாக (ஜிங்க்) மருந்து கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே மலம் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவது வீடுகளில் வழக்கம், நிறுத்த வேண்டாம்.

காய்ச்சலுக்குக் கம்பளியால் போர்த்த வேண்டியதில்லை, ஐஸ் தண்ணீர் துணியும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை, காற்றோட்டம், மின்விசிறி மெதுவாக.

மூச்சை எண்ண அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் காத்திருக்கவே கூடாது. இதை எந்த அக்காவும் இரண்டே முறையில் கற்றுக்கொள்வார்; பல படித்த பெற்றோருக்கு இது தெரியாது.

போனில் யாரையும் கேட்காமல் 108க்கு அழைக்க வேண்டியவை சில உண்டு. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் பிள்ளை விழிக்காவிட்டால், மூச்சுத் திணறினால். முதலில் 108, பிறகுதான் அம்மாவுக்கு. இந்த வரிசையை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அவர் பயத்தில் உங்களைத்தான் முதலில் அழைப்பார், நீங்கள் வகுப்பிலோ கவுன்டரிலோ இருப்பீர்கள். எதைக் குடித்தாலும் வாந்தி, எதையும் குடிக்க முடியாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, அழுதால் கண்ணீர் இல்லாமை: இவற்றுக்கு உங்களை அழைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 100.4 டிகிரி என்றாலே மருத்துவமனைதான், வீட்டில் பார்க்கலாமா என்ற பேச்சே இல்லை.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வரக்கூடியது. பார்க்கக் கொடுமையாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவி திணிப்பது, பல்லுக்கு இடையில் கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. நின்ற பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கே போவது என்பதையும் எழுதி வையுங்கள். நாகர்கோவில் சுற்று வட்டாரத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை, விளவங்கோடு பக்கம் குழித்துறை. நீங்கள் வழக்கமாகக் காட்டும் தனியார் மருத்துவரின் நேரமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலும், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை போன்ற உள்ளூர் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்குமா என்பதோடு. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் எண், உறையில் கொஞ்சம் பணம். அக்கா தம் கைக்காசைப் போட்டு ஆட்டோ பிடிக்கும் நிலை வரக் கூடாது. பேச்சிப்பாறை, கடையால் போன்ற மலையோரப் பகுதிகளில் மழை நாளில் போன் எடுக்காது. பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லி வைப்பதுதான் அங்கே வழி. மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டும் தடுப்பூசி அட்டையும் மருந்துப் பாட்டிலும் கூடப் போக வேண்டும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104ஐ அழைத்துக் கேட்கலாம்.

மழைக்காலமும் டெங்குவும்

தமிழகத்தில் இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் ஒரு சுற்று, அக்டோபரில் மறு சுற்று. மேற்கே ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். இந்தக் கொசு கடிப்பது பகலில், அதாவது பிள்ளை அக்காவின் கையில் இருக்கும் நேரத்தில். கொசுவலை இரவுக்கு மட்டும் என்று சுருட்டி வைத்துவிடாமல் பகல் தூக்கத்துக்கும் கட்டச் சொல்லுங்கள்.

டெங்குவில் மற்றக் காய்ச்சல்களிலிருந்து மாறுபட்டு நடக்கும் ஒன்றை அவர் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், உடம்பு குளிர்ந்து காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. வீட்டில் எல்லோரும் ‘விட்டுவிட்டது’ என்று மூச்சு விடுவார்கள், அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒன்றிரண்டு நாட்களில் வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை துவண்டு கிடப்பது தெரிந்தால் உடனே மருத்துவமனை. டெங்கு என்று சந்தேகம் இருக்கும் வரை இபுபுரூஃபன் (இன்னொரு வகைக் காய்ச்சல், வலி மருந்து) கலந்த மருந்து கொடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் மூன்று நாள் நீடித்த காய்ச்சல் விட்டால், விட்ட நாளும் மறுநாளும் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருப்பதுதான் முறை. முதல் நாள் பெற்றோருடையது என்ற விதிக்கு இது துணை விதி.

அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நோய்கள்

சின்னம்மை: அவருக்கு முன்பு வந்திருந்தால் பார்க்கலாம். வராதவர் என்றால் வேண்டாம், பெரியவர்களைச் சின்னம்மை வாட்டி எடுத்துவிடும். அவர் கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் வேண்டாம். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்காகும் வரை ஒட்டும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை விலக்கும் பழக்கம் உண்மையில் நல்ல ஏற்பாடு. அம்மைக்கு மருத்துவரிடம் போகக் கூடாது என்பதுதான் தீங்கு. காய்ச்சல் குறையாவிட்டாலோ மூச்சு வேகமானாலோ போயே ஆக வேண்டும், ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் கண்ட பிறகு ஐந்து நாள், தட்டம்மைக்குத் தடிப்பு வந்த பிறகு நான்கு நாள் விலகியிருக்க வேண்டும். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையைப் பார்க்கலாம், ஆனால் துண்டு தனி, கண்ணைத் துடைத்த பஞ்சு குப்பைக்கு, கை சோப்புக்கு. கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் இப்போது அடிக்கடி வருகிறது. 2022ல் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பானது இதன் ஒரு வகைதான். பெரியவர்களைப் பெரிதாகத் தாக்காது. ஆனால் அவர் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்குப் போய்ச் சேரும். கொப்புளம் ஆறிய பின்பும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வெளியேறும், ஆகவே கழுவிவிட்ட கையைச் சோப்புப் போடாமல் எதிலும் வைக்கக் கூடாது.

எந்த நோய் என்றே தெரியாத காய்ச்சல், மூச்சு இழுப்பு, மருத்துவமனையிலிருந்து அன்றுதான் வீடு வந்த பிள்ளை: இவற்றை அவர் மறுப்பது நியாயம். மறுத்ததற்காக அடுத்த மாதம் வேறு ஆள் தேடும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல ஆள் அமைவதும் கடினம்தான். மார்த்தாண்டம் சந்தையில் மீன் விலை பரவும் வேகத்தைவிட வேகமாக இந்தச் செய்தி பரவும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அவருக்குத் தொண்டை கரகரத்தால் அவரும் காலையிலேயே சொல்ல வேண்டும். சொன்னால் கூலி போய்விடும் என்று தெரிந்த எவரும் சொல்ல மாட்டார், இருமிக்கொண்டே வந்து பிள்ளையைத் தூக்குவார். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் சம்பளத்தோடு உடம்பு முடியாத விடுப்பு கொடுத்தால் உங்கள் பிள்ளைக்குத்தான் லாபம். உங்கள் பிள்ளையிடமிருந்து ஒட்டிய நோய் என்று தெரிந்தால் மருந்துச் செலவும் உங்களுடையது.

வேலை நிலைத்த பிறகு ஒரு நாள் நேரம் ஒதுக்கி, வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்ய உதவுங்கள். தமிழக அரசு 2007ல் அமைத்த வாரியம் இது, 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். மகப்பேறு, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், வேலை செய்கிறார் என்பதற்கான சான்று தேவைப்படும். நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அவர் உங்களிடம்தான் வருவார், அன்று ‘நேரமில்லை அக்கா’ என்று சொல்லிவிடாதீர்கள்.